சுவர்க் கடிகாரமும் சார்ட் பேப்பரும்

நேயர்களுக்கு வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடுமுறை விட்டதும், பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடுகளில் தவறாமல் ஒரு காரியம் நடக்கும். சார்ட் பேப்பர் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவில் டைம்டேபிள் எழுதுவார்கள். காலை 4 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். குளிக்கப் பத்து நிமிடம், சாப்பிடப் பதினைந்து நிமிடம். வரைந்து முடிக்கவே அரை நாள் போயிருக்கும். ரெண்டு நாள் கழித்து அது சுவரில்தான் இருக்கும், யாரும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள். "எழுதி ஒட்டத் தெரியுதுல்ல, அதன்படி நடக்கத் தெரியாதா?" என்று அம்மாவின் குரல் மட்டும் கேட்கும்.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் குறைத்துக் கணக்குப் போடுவது மனித சுபாவம். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். போன முறை தாமதமானது நன்றாக நினைவிருந்தும், இந்த முறை சீக்கிரம் முடித்துவிடலாம் என்றே நம்புகிறோம். "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று போனில் சொல்லிவிட்டுத் தலை சீவிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் பிள்ளையை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது இருக்கலாம். எல்லோரும் துறுதுறுவென்று ஓடுகிறவர்கள் அல்ல. ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் பலர் கண்டுபிடிக்கப்படாமலே போகிறார்கள். இவர்களில் பலருக்கு நேரம் நகர்வது உள்ளே உறைப்பதில்லை. இவர்களுக்கு "இப்போது" என்று ஒன்று இருக்கிறது; மற்றதெல்லாம் "இப்போது இல்லை". தேர்வு அடுத்த வாரம் என்றாலும் அடுத்த வருடம் என்றாலும் ஒன்றுதான்.

"மொபைல் கேம் மட்டும் மூணு மணி நேரம் ஆடுறானே, அதுக்குக் கவனம் எங்கிருந்து வருது?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கேமில் நொடிக்கு நொடி ஏதாவது பலன் கிடைக்கிறது. கணக்குப் பாடத்தின் பலனோ மே மாதம்தான் வரும். கவனமே இல்லை என்பதல்ல, அதை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதுதான் சிரமம். இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டி எந்தப் பிள்ளையும் திருந்தியதாகத் தெரியவில்லை.

அதனால் நேரத்தைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். படிக்கிற இடத்துக்கு எதிரே முள் வைத்த சுவர்க் கடிகாரம் ஒன்று போதும். மொபைல் 6.40 என்று காட்டும்; ஏழு மணிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று காட்டாது. பெரிய முள்ளுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அதைக் காட்டிவிடும். கண்ணாடி மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு, "முள் இங்க வந்ததும் எழுந்திரிச்சுக்கலாம்" என்று சொல்லுங்கள். "நேரமாச்சு, நேரமாச்சு" என்று பத்துத் தடவை கத்துவதைவிட இது வேலை செய்யும்.

"கணக்குப் படி" என்றால் அந்தப் பிள்ளைக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. "பயிற்சி 3.5-ல முதல் கணக்க நோட்டுல எழுது" என்றால் தெரியும். எத்தனை நிமிடம் ஆகும் என்று பிள்ளையே ஒரு மதிப்பு எழுதட்டும், முடிந்ததும் ஆன நேரத்தைப் பக்கத்தில் எழுதட்டும். சில நாட்களில் தன் நேரக் கணக்கு எவ்வளவு பிசகுகிறது என்று அதுவே கண்டுகொள்ளும். இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்து 25 நிமிடம் படித்து, சற்று ஓய்வெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். நம் பிள்ளைக்குப் பத்து நிமிடம்தான் தாங்கும் என்றால் பத்தே இருக்கட்டும். ஆனால் டைமர் மொபைலில் வேண்டாம். டைமர் வைக்கப் போன கை ரீல்ஸுக்குப் போய்விடும்.

அப்புறம், தேர்வு. பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் 10.15-க்கு எழுதத் தொடங்கி 1.15-க்கு முடிக்க வேண்டும். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, வடிவியலும் வரைபடமுமாக எட்டு மதிப்பெண் 2. ஒரு மதிப்பெண்ணை 10.30-க்குள், இரண்டு மதிப்பெண்ணை 11.10-க்குள், ஐந்து மதிப்பெண்ணை 12.25-க்குள், வடிவியலையும் வரைபடத்தையும் 12.55-க்குள் முடித்தால், சரிபார்க்க இருபது நிமிடம் மிஞ்சும். இந்த நாலு நேரத்தையும் மாதிரித் தேர்வு எழுதும்போது எதிரே எழுதி வைத்து வீட்டிலேயே பழகட்டும். நேரம் வந்ததும் வராத கணக்கை விட்டுவிட்டு நகர்வதுதான் ரொம்பக் கஷ்டம். அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

அந்த 4 மணி விஷயமும் சொல்லிவிடுகிறேன். பதின்பருவத்தில் தூக்கம் வருகிற நேரமே பின்னால் தள்ளிப்போகும். இவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினொரு மணிக்குத் தூங்கியவனை நாலு மணிக்கு எழுப்பினால் புத்தகத்தின் மேல்தான் தூங்குவான்.

இதையெல்லாம் செய்தும் வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும் பிள்ளை திணறினால், அதுவும் சின்ன வயதிலிருந்தே அப்படி என்றால், குழந்தைகள் நல மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ காட்டுங்கள். மருந்து தேவையா என்பதை அவர்கள் சொல்வார்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடலாம்; இது அரசின் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

நன்றி, வணக்கம்.