கணக்குக் காட்டாதவர் பெயரில் ஓலை இல்லை

அனைவருக்கும் வணக்கம்.

உத்திரமேரூர் என்றதும் குடமும் ஓலையும் நினைவுக்கு வருகின்றன. சோழர் காலத்தில் அந்த ஊர்ச் சபை, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, குலுக்கி எடுத்து ஆட்களைத் தேர்ந்தது. நான் பேச வந்தது, ஓலை குடத்தில் விழுவதற்கு முன் நடந்ததைப் பற்றி. யார் பெயரை எழுதவே கூடாது என்று அந்தச் சபை முடிவு செய்ததே, ஊழலுக்கான பூட்டு அங்கேதான் இருக்கிறது.

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இல் விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். இரண்டே ஆண்டில், 921இல், இன்னும் இறுக்கித் திருத்தினார்கள். வாரியத்தில், அதாவது சபையின் வேலைகளைக் கவனித்த குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை எழுதக் கூடாது. அவரோடு போயிற்றா? தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன், அத்தை மாமன் பிள்ளைகள் என்று பட்டியல் நீள்கிறது. அவர்கள் பெயருக்கும் ஓலை கிடையாது. கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. பதவிக்காலம் 360 நாள்.

கணக்கு எழுதுபவனுக்கும் விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். அதை முடித்துக்கொடுக்க வேறொருவன் புகக் கூடாது. அவன் சுத்தன் என்று பெரியோர் ஒப்பும்வரை மறுபடி கணக்கெழுத முடியாது. குடத்திலிருந்து எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி இது!

நிலமுள்ள, வேதம் கற்ற பிராமண ஆண்களின் சபை அது. அந்த வேலி நமக்கு வேண்டாம். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பெண்களையும் ஊராட்சிக்குள் கொண்டுவந்தது. கணக்கையும் தகுதியையும் சேர்த்துப் போட்ட முடிச்சு மட்டும் வேண்டும்.

நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தலில் செலவுக் கணக்கைத் தராத வேட்பாளரை, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10-ஏ பிரிவின்படி 3 ஆண்டு தகுதிநீக்கம் செய்யலாம். தன் தேர்தல் செலவுக்கே இந்தக் கண்டிப்பு. ஆனால் ஊர்ப் பணத்தின்மேல் தணிக்கைத் தடை, அதாவது கணக்கைத் தணிக்கை செய்தவர் எழுப்பிய ஆட்சேபம், தீராமல் கிடக்கும்போதே மறுபடி வேட்புமனு போடுகிறார்களே, அதற்கு என்ன செய்தோம்? அரசியல் சட்டத்தின் 243-எஃப் பிரிவு, ஊராட்சி உறுப்பினரின் தகுதியின்மையை வரையறுக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றத்துக்குத் தருகிறது. தணிக்கைத் தடை தீர்ந்த சான்று இல்லாமல் மனு ஏற்கப்படாது என்று சட்டம் செய்ய வேண்டும். தடையைத் தீர்க்க அதிகாரிக்கும் கெடு வேண்டும். இல்லையென்றால் வேண்டாதவரைக் கழற்றிவிடக் கோப்பைப் பிடித்துவைப்பார்கள்.

உறவினரைத் தேர்தலிலிருந்தே விலக்குவது இன்று நியாயமாகாது. ஒப்பந்தத்திலிருந்து விலக்கலாம். பில் மைத்துனர் பெயரில் போனால் தலைவர் கையெழுத்து சுத்தமாகத்தான் தெரியும்.

சட்டம் வரும்வரை கிராம சபை இருக்கிறது. வருகைப் பதிவேட்டை வீடு வீடாகக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் கடைசித் தீர்மானத்தின் கீழே கோடு இழுக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெற்று இடம் விட்டால் இரவில் ஒரு தீர்மானம் முளைக்கும். செலவுச் சீட்டோடு, செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தையும் கேளுங்கள். அதில் ஒரு சிமென்ட் சாலைக்கு 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எழுதியிருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட். சாலையோரத்து மண்ணைக் கொஞ்சம் விலக்கி டேப் வையுங்கள். நெடுகப் பல இடங்களில் பார்த்தும் 10தான் என்றால் போட்டது 30. மீதி 15 கன மீட்டருக்கு யார் பில் வாங்கினார் என்பதை அதே சபையில் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.