பொக்லைனைக் கப்பல்ல ஏத்துறதுக்கு முன்னாடி: ராடு, சைலன்சர், செயின்

வணக்கம் மக்களே. 22 டன் எக்ஸ்கவேட்டர் ஒண்ணு, நம்ம ஊர்ல பொக்லைன்னும் ஹிட்டாச்சின்னும் சொல்றோமே, அது சென்னையிலேர்ந்து மொம்பாசாவுக்கு 40 அடி பிளாட் ராக்ல, அதாவது கூரையும் பக்கச்சுவரும் இல்லாத கண்டெய்னர்ல, போகுதுன்னு வச்சுக்குவோம். துறைமுகத்து கேட்டுக்குள்ள போறதுக்குள்ள அதுக்கு என்னென்ன செஞ்சு முடிக்கணும்? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

வண்டி சாஞ்சிடுமோ, கடல்ல விழுந்திடுமோன்னுதான் எல்லாரும் பயப்படுறாங்க. நியாயமான பயம்தான், அதுக்கும் வர்றேன். ஆனா யாரும் கவனிக்காத சேதம் உப்பால வர்றது. இறக்கும்போது வண்டி பளபளன்னு இருக்கும், கையெழுத்து போட்டு வாங்கிடுவாங்க. ரெண்டு மூணு மாசம் சைட்ல ஓடினதும் ஆர்ம் சிலிண்டர்லேர்ந்து ஆயில் கசியும். சீல் மாத்துவாங்க, மறுபடி கசியும். கோளாறு சீல்ல இல்ல, ராடுல, அதாவது சிலிண்டர்லேர்ந்து நீண்டு உள்ளே வெளியே போய் வர்ற தண்டுல.

ஏன்னு பாருங்க. பூமை (வண்டியோட சேர்ந்த பெரிய கை) தாழ்த்தி, ஆர்மை (அதுக்கு அடுத்த கை) உள்ளே மடக்கி, பக்கெட்டைச் சுருட்டி வைக்கிறதுதான் ஏத்துற நிலை. இந்த நிலையில ஆர்ம் சிலிண்டர் ராடும் பக்கெட் சிலிண்டர் ராடும் கிட்டத்தட்ட முழுசா வெளியே நீண்டிருக்கும். ராடு மேல இருக்குற குரோம் பூச்சு சாதாரணமா 20-லேர்ந்து 30 மைக்ரான்தான். அதுல கண்ணுக்குத் தெரியாத, முடி மாதிரி மெல்லிய வெடிப்பு எப்பவுமே இருக்கும், கடினக் குரோமோட இயல்பே அதுதான். உப்புத்தண்ணி அந்த வெடிப்புல இறங்கி அடியில இருக்குற இரும்பைத் தின்னும். குரோம் பொடிப்பொடியா எழும்பிப் பள்ளம் விழும். அப்புறம் ராடு உள்ளே போய் வர்ற ஒவ்வொரு தடவையும் அந்தப் பள்ளத்து விளிம்பு சீலை அரம் மாதிரி ராவும்.

அதனால ராடை மூடாம அனுப்பவே கூடாது. முதல்ல மண்ணெண்ணெய் நனைச்ச பஞ்சு உதிராத துணியால துடைச்சு, நல்லா காய விடுங்க. அடுத்து மெழுகு வகைத் துருத்தடுப்பு. வெறும் கிரீஸ் வெயில்ல உருகி வழிஞ்சிடும், மெழுகு அப்படியே நிக்கும். அது மேல வி.சி.ஐ. பேப்பர் (துருவைத் தடுக்குற ஆவியை விடுற பேப்பர்) இல்லன்னா பெட்ரோலேட்டம் டேப் (மெழுகுக் களிம்பு ஊறின டேப்). ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்துல பாதியை மூடணும், கீழேர்ந்து மேல சுத்தணும். கூரை ஓடு மாதிரி மேல் சுத்து கீழ் சுத்து மேல படிஞ்சாத்தான் தண்ணி உள்ளே போகாம வழியும். சாதாரண பாலிதீனைச் சுத்தி பிரவுன் டேப் ஒட்டுறதை நிறைய யார்டுல பார்க்கலாம். தயவு செஞ்சு வேண்டாம். உள்ளே வேர்த்து, அந்த ஈரம் வெளியேற வழி இருக்காது. டேப் பசையும் ராடுல ஒட்டிக்கும்.

இதையெல்லாம் எப்போ செய்யணும்கிறதும் முக்கியம். பிளாட் ராக் மேல ஏத்தி, கடைசி நிலைக்கு மடக்கினதுக்கு அப்புறம்தான் சுத்தணும். ரோரோ கப்பல்னா கதை வேற. துறைமுக ஆள் வண்டியை ஓட்டித்தான் கப்பலுக்குள்ள கொண்டு போவாரு, அதுக்கு பூமை கொஞ்சம் தூக்கியே ஆகணும். அதனால பூம் சிலிண்டருக்கு மெழுகு மட்டும். ஆர்ம், பக்கெட் ரெண்டையும் முழுசா சுத்திட்டு, "இதை அசைக்காதே"ன்னு லிவர்லயே அட்டை கட்டி விடுங்க.

அடுத்து சைலன்சர் வாய். இதை மூட ரெண்டு காரணம் இருக்கு. மழையோ கடல் தெறிப்போ உள்ளே இறங்கினா டர்போவுக்குப் போகும், வால்வு திறந்திருக்குற இஞ்சின் சிலிண்டருக்கும் போகும். தண்ணியை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் பண்ணினா இஞ்சினுக்குள்ள இருக்குற கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். ரெண்டாவது, டிரெய்லர்ல போகும்போது அடிக்கிற காத்து சைலன்சர் வழியா டர்போவைச் சுத்த விடும். இஞ்சின் ஓடாததால பேரிங்குக்கு ஆயில் வராது, காய்ஞ்சே சுத்தித் தேயும். அதனால யார்டுலேயே மூடணும். காத்து உள்ளே போற வாய், டேங்க் மூச்சுக்குழாய் எல்லாத்துக்கும் மூடி போட்டு, எத்தனை மூடி போட்டிருக்குன்னு சிவப்பு அட்டையில எழுதிச் சாவியோட கட்டுங்க. அஞ்சு போட்டு நாலு எடுத்தா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம்.

கேபினுக்குள்ள ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் வைங்க. கால்சியம் குளோரைடு பை நிறைய உறிஞ்சும்தான், ஆனா உறிஞ்சினது உப்புக்கரைசலா மாறும். பை கிழிஞ்சா சீட்டுக்கு அடியில இருக்குற கண்ட்ரோலர் மேலயே ஊத்தும். ஷ்ரிங்க் ராப் போடுறதா இருந்தா காத்து போற வென்ட் வச்சுப் போடுங்க.

டீசல் கால் டேங்க் போதும். பேட்டரி ஐசோலேட்டரை (பேட்டரியைத் துண்டிக்கிற சுவிட்ச்) அவசரப்பட்டு அணைக்காதீங்க. ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் பண்ற யூரியா கரைசல்) உள்ள வண்டியில, சாவியைத் திருப்பி இஞ்சினை அணைச்சதுக்கு அப்புறமும் பம்பு குழாயில மிச்சம் இருக்குறதை டேங்குக்கே திரும்ப இழுக்கும். விளக்கு அணையுற வரைக்கும் காத்திருங்க. இல்லன்னா குழாய்க்குள்ள உப்பு மாதிரி கட்டிப் போயிடும்.

இப்போ கட்டுறதுக்கு வருவோம். பக்கெட்டை மரக்கட்டை மேல முழுசா உக்கார வச்சு, இஞ்சினை அணைச்சு, லிவரை நாலு பக்கமும் அசைச்சு உள்ளே தங்கின அழுத்தத்தை விடுங்க. பூம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்போதே செயினை இறுக்கினா, சிலிண்டர் நாளாக நாளாக இறங்கும், செயின் தொளதொளன்னு ஆயிடும். வண்டியோட மேல்பகுதி சுழலாம பிடிக்கிற ஸ்விங் லாக் போட்டாச்சான்னு கண்ணால பாருங்க.

கணக்கு இதுதான். அலை மோசமான கடலுக்கு, பக்கவாட்டு விசையை எடையில 0.8 மடங்குன்னு சி.டி.யு. கோட் (கண்டெய்னர்ல சரக்கை ஏத்திக் கட்டுறதுக்கான சர்வதேச வழிகாட்டி) சொல்லுது. 22 டன்னுக்கு 17.6 டன். வண்டி ஓடுற டிராக்குக்கு அடியில மரம் போட்டா, உராய்வு எடையில 0.3 மடங்கு, சுமார் 6.6 டன்னைத் தாங்கும். மிச்சம் 11 டன் கட்டு தாங்கணும். 13 மில்லி கிரேடு 80 செயின் 10 டன் தாங்குமே, நாலு மூலையில நாலு போதும்னு நினைப்பாங்க. ஆனா செயினை மாட்டுற பிளாட் ராக் வளையம் பெரும்பாலும் 5 டன்தான் தாங்கும். வளையத்தோட பலம்தான் கட்டோட பலம். அதுவும் கட்டு மேலேர்ந்து 45 டிகிரி, பக்கத்துலேர்ந்து 45 டிகிரி சாய்வுல போனா, பக்கவாட்டுக்குக் கிடைக்கிறது அதுல பாதி, ரெண்டரை டன். ஒரு பக்கத்துக்கு அஞ்சு கட்டுன்னா 12.5 டன். ஆக மொத்தம் 10 கட்டு, அது குறைஞ்சபட்சம். உங்க ராக்ல வளையத்துப் பக்கத்துல பலம் எழுதியிருக்கான்னு பார்த்து, இதே கணக்கைத் திரும்பப் போடுங்க.

கொக்கியை அடிச்சட்டத்துல குறிச்சிருக்குற கட்டுமிடத்துல மட்டும் மாட்டுங்க. கைப்பிடி, ஹோஸ், சிலிண்டர், ஏணிப்படி இதுல எதுலயும் மாட்டக் கூடாது. செயினை இறுக்குற திருகான டர்ன்பக்கிளை இறுக்கினதும் கம்பியால பூட்டுங்க, அதிர்வுல தானா கழண்டுக்கும். யார்டுலேர்ந்து துறைமுகம் வர்றதுக்குள்ளேயே கட்டு தளர்ந்திருக்கும், அங்கே இன்னொரு தடவை இறுக்கணும். பயன்படுத்துற கட்டை, ஆப்பு எல்லாத்துலயும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கணும், பூச்சி ஒழிச்ச மரம்னு அர்த்தம். அதுல HT-ன்னு இருந்தா, நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரியில 30 நிமிஷம் சூடாக்கின மரம். பழைய வண்டியை ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ அனுப்புறவங்க, அடித்தகட்டைக் கழட்டி உள்ளே ஒட்டின மண்ணைக் கடைசிப் பிடி வரைக்கும் எடுங்க. மண்ணோட போனா உங்க செலவுல கழுவச் சொல்லுவாங்க, திருப்பியும் அனுப்புவாங்க.

காப்பீடு எடுக்கும்போது பில் ஆஃப் லேடிங்கையும் (கப்பல் கம்பெனி தர்ற சரக்கு ரசீது) பாருங்க. பிளாட் ராக் திறந்த தளத்துல போனா "ஆன் டெக்"னு எழுதுவாங்க. ஐ.சி.சி.ங்கிறது சரக்குக் காப்பீட்டு விதித் தொகுப்பு. அதுல ஐ.சி.சி. சி பாலிசியில அலை அடிச்சுக்கிட்டு போறதுக்குக் கூட பணம் வராது. ஐ.சி.சி. ஏ எடுத்தாலும், பேக்கிங் போதலைன்னா அது விலக்குதான். சுத்தின ராடு, மூடின சைலன்சர், ஒவ்வொரு கட்டு, ஹவர் மீட்டர் எல்லாத்தையும் தேதியோட படம் எடுங்க, அதுதான் உங்க சாட்சி. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்துல அரபிக்கடல் கொந்தளிக்கும். தேதியைத் தள்ள முடிஞ்சா தள்ளுங்க, முடியலன்னா கப்பலோட அடித்தளத்துல இடம் கேளுங்க.

மொம்பாசாவுல இறக்குறவருக்கு ஒரு தாள் அனுப்புங்க. முதல்ல மூடி எல்லாத்தையும் எண்ணி எடுக்கணும். ராடு சுத்தைப் பிரிச்சு, மெழுகை மண்ணெண்ணெயால முழுசா துடைக்கிற வரைக்கும் எந்த லிவரையும் தொடக் கூடாது. ஒரு அங்குலம் அசைஞ்சாலும் வைப்பர் சீல் அழுக்கை உள்ளே இழுத்துடும். நல்ல தண்ணியால உப்பைக் கழுவணும், டீசல் வாட்டர் செப்பரேட்டர்ல தண்ணியை வடிக்கணும். இதெல்லாம் ஆன பிறகுதான் சாவி.