கோபுரத்து ஜன்னலுக்குப் பட்டி வச்ச ரெண்டு நாள்

வணக்கம் மக்களே! காத்து சத்தம் அதிகமா கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இங்க காத்து ஓயவே மாட்டேங்குது. அமெரிக்காவுல, ஒரிகன் மாநிலத்துல ஒரு மலை உச்சியில நிக்கிறேன். கேமராவைத் திருப்புறேன், பாருங்க. நாலு பக்கமும் கண்ணாடி வச்ச ஒரு சின்ன மர அறை. காட்டுத்தீ எங்கயாவது கிளம்புதான்னு பாக்குறதுக்குக் கட்டின காவல் கோபுரம் இது. இங்க லுக்அவுட்னு சொல்வாங்க. நேத்து காலையில இருந்து நாங்க ஆறு பேர் இதோட ஜன்னலைத்தான் சரி பண்ணிக்கிட்டு இருக்கோம். எல்லாரும் தன்னார்வலர்கள். ஆறு பேர்ல நாலு பேருக்கு வயசு 65-ஐத் தாண்டியாச்சு.

இதோ என் கையில இருக்கிறது என்ன தெரியுமா? பழைய பட்டி. கண்ணாடியை மரச்சட்டத்துல பிடிச்சு வைக்கிறதுக்குப் பூசுவாங்கல்ல, அது. வெயில்லயும் பனியிலயும் காஞ்சு கல்லு மாதிரி ஆயிடுச்சு. இதை உளியை வச்சுத் தட்டி எடுத்தா கண்ணாடியில விரிசல் விழுந்துடும். அதனால சூடு காட்டி, இளகினதுக்கு அப்புறம் மெதுவா சுரண்டணும். பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும், அதனால காய்ஞ்ச பெயின்டை அப்படியே தேய்க்கக் கூடாது, ஈரம் பண்ணிட்டுத்தான் தொடணும். ஒரு ஜன்னல் சட்டத்தை முடிக்கவே எனக்கு நேத்து பாதி நாள் போயிடுச்சு.

புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிருக்குமேன்னு நானும் கேட்டேன். எங்க கூட இருக்கிற ஒரு பெரியவர், இளவயசுல இந்த மாதிரி கோபுரங்கள்ல காவல் இருந்தவர், என்னைக் கூப்பிட்டு ஒரு பழைய கண்ணாடி வழியா தூரத்து மலையைப் பாக்கச் சொன்னார். தலையை லேசா அசைச்சா மலை ஓரம் தண்ணிக்குள்ள தெரியிற மாதிரி நெளியுது. அந்தக் காலத்துக் கண்ணாடி அப்படித்தான். இங்க உக்காந்து காட்டைப் பாத்தவங்க எல்லாரும் இந்த நெளிவு வழியாத்தான் பாத்தாங்க. அதைக் கேட்ட பிறகு என் கை தானாவே மெதுவாப் போக ஆரம்பிச்சிடுச்சு.

சரி, உள்ள வாங்க. 14 அடிக்கு 14 அடி, அவ்வளவுதான் மொத்த வீடு. இந்த வகைக்கு எல்-4னு பேரு. 1930-கள்ல மலை மலையா இதைத்தான் கட்டினாங்க. பலகை, சட்டம், ஜன்னல் எல்லாத்தையும் அளவா அறுத்துக் கட்டுக் கட்டா அனுப்பிடுவாங்க. கோவேறு கழுதை முதுகுல ஏத்தி, மேல கொண்டு வந்து ஒண்ணாப் பொருத்திடுவாங்க. கட்டில், அடுப்பு, மேசை எல்லாமே ஜன்னல் மட்டத்துக்குக் கீழ இருக்கிறதை கவனிச்சீங்களா? எந்தப் பொருளும் பார்வையை மறைக்கக் கூடாது. அந்த முக்காலியோட காலைப் பாருங்க, கீழே கண்ணாடிக் குமிழ் மாட்டியிருக்கு. மின்னல் அடிக்கும்போது காவலாளி அது மேலதான் ஏறி நிக்கணும். கூரையில இருந்து செம்புக் கம்பி தரைக்குப் போகுது, ஆனாலும் சுத்தி இருக்கிறதுலயே உசரமான இடம் இதுதானே. இடி இறங்கினா முதல்ல இங்கதான் இறங்கும். அந்த நேரத்துல ஓடி ஒளியவும் முடியாது, ஏன்னா மின்னல் எந்த மரத்துல விழுந்துச்சுன்னு பாத்துக் குறிக்கிறதுதான் வேலையே.

இப்ப நான் காட்டப் போறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அறைக்கு நடுவுல இருக்கிற இந்த இரும்பு வட்டம். இதுக்கு ஆஸ்போர்ன் ஃபயர் ஃபைண்டர்னு பேரு. வில்லியம் புஷ்நெல் ஆஸ்போர்ன்னு வனத்துறையில வேலை பாத்த ஒருத்தர் 1911-ல உருவாக்கினது. நடுவுல இந்தக் காட்டோட மேப். அதுல இந்த மலை உச்சிதான் சரியா மையப் புள்ளி. ஓரத்துல 0-ல இருந்து 360 டிகிரி வரைக்கும் கோடு. வட்டத்தைச் சுத்திவிட்டு, இந்தப் பக்கம் இருக்கிற சின்ன இடுக்குல கண்ணை வைக்கணும். எதிர்ப்பக்கம் செங்குத்தா ஒரு முடி தெரியுதா? குதிரை முடி! கிட்ட கொண்டு வர்றேன், ஃபோகஸ் ஆகட்டும்... இதோ. புகையோட அடிப்பகுதி அந்த முடி மேல வர்ற வரைக்கும் சுத்தணும். வந்ததும் டிகிரியைப் படிச்சுச் சொல்லணும். இன்னொரு மலையில இருக்கிற காவலாளியும் அதே புகையைப் பாத்து அவரோட டிகிரியைச் சொல்வார். ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடத்துல தீ இருக்கு. மின்சாரம் கிடையாது, பேட்டரி கிடையாது. ஜன்னல் தூண் மறைச்சா, வட்டத்தை அப்படியே தண்டவாளம் மாதிரி இந்தக் கம்பி மேல நகத்திக்கலாம். நூறு வருஷம் தாண்டியும் இன்னைக்கும் காவல் நடக்கிற கோபுரங்கள்ல இதை வச்சுத்தான் பாக்குறாங்க.

இவ்வளவு வெறியா மலைக்கு மலை எதுக்குக் கட்டினாங்கன்னா, 1910-க்குப் போகணும். அந்த ஆகஸ்ட் 20, 21, ரெண்டே நாள். ஐடஹோ, மொன்டானா பக்கம் சூறைக்காத்துல சின்னச் சின்னத் தீ எல்லாம் ஒண்ணு சேந்து சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிஞ்சு போச்சு. 85 பேருக்குக் குறையாம செத்தாங்க, அதுல முக்கால்வாசிக்கு மேல தீயணைக்கப் போனவங்க. வனத்துறை ஆரம்பிச்சு அப்போ அஞ்சு வருஷம்தான் ஆயிருந்துச்சு. வாலஸ்னு ஒரு ஊருக்குப் பக்கத்துல எட் புலாஸ்கின்னு ஒரு ரேஞ்சர், தன்னோட ஆட்களை ஒரு சுரங்கத்துக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டார். பயத்துல வெளிய ஓடப் பாத்தவங்களைத் துப்பாக்கியைக் காட்டித் தடுத்தார். சிலர் உள்ளேயே இறந்தாங்க, ஆனா பெரும்பாலானவங்க உசுரோட வந்தாங்க. அவரோட பேர்ல இருக்கிற கருவிதான் இது, பாருங்க. ஒரு பக்கம் கோடாலி, இன்னொரு பக்கம் களைக்கொட்டு மாதிரி. நேத்து நாங்க மேல ஏறி வர்ற பாதையை இதை வச்சுத்தான் வெட்டிச் சீர் பண்ணினோம். தீயணைக்கப் போறவங்க இன்னைக்கும் இதைத்தான் தோள்ல போட்டுட்டுப் போறாங்க.

அதுக்கப்புறம், தீயைச் சின்னதா இருக்கும்போதே பாத்துடணும்னு ஒரு வேகம் வந்துச்சு. 1913-ல ஹாலி டாகெட்னு ஒரு பெண் கலிஃபோர்னியாவுல கிளமத் காட்டுல ஒரு உச்சியில காவலுக்குப் போனாங்க. அமெரிக்க வனத்துறையில அந்த வேலைக்குச் சேந்த முதல் பெண். பத்து வருஷத்துக்கு மேல இருந்தாங்க, அவங்க சகோதரி குதிரையில சாமான் கொண்டு வந்து குடுப்பாங்க. பிறகு 1933-ல பொருளாதாரம் சரிஞ்சு கிடந்த காலத்துல வேலையில்லாத இளைஞர்களுக்காக ஆரம்பிச்ச சிசிசி (சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ்) படை, 1942 வரைக்கும் ஆயிரக்கணக்குல கோபுரங்களைக் கட்டித் தள்ளுச்சு. ஒரு காலத்துல நாடு முழுக்க 5,000-க்கும் மேல இருந்துச்சு. ரெண்டாம் உலகப்போர் நேரத்துல எதிரி விமானம் வருதான்னு பாக்கவும் இதே ஜன்னலைத்தான் பயன்படுத்துனாங்க.

அப்புறம் ரோந்து விமானம் வந்துச்சு. பல இடத்துல காவலை நிறுத்தினாங்க. காலியாக் கெடந்த பல கோபுரங்களை வனத்துறையே தீ வச்சுக் கொளுத்திடுச்சு. தீயைப் பாக்கக் கட்டின வீட்டைத் தீ வச்சே அழிச்சது, கேட்கும்போதே எனக்கு வயித்தைப் பிசைஞ்சுச்சு. இப்ப காட்டுத்தீ சீசன்ல ஆள் உக்காந்து பாக்குறது சில நூறு கோபுரங்கள்தான்.

1990-ல சில பேர் சேந்து ஃபாரஸ்ட் ஃபயர் லுக்அவுட் அசோசியேஷன்னு ஆரம்பிச்சாங்க. மிச்சம் இருக்கிறது எங்கெங்க, என்ன நிலைமையில இருக்குன்னு பதிவு பண்றது, பழுது பாக்குறது, ஆள் இல்லாத இடத்துல தாங்களே காவல் உக்கார்றது, இதெல்லாம் செய்றாங்க. ரொம்பப் பேர் வேலையில இருந்து ஓய்வு பெற்றவங்க. எனக்கு இதுல ஒரே கவலை இதுதான்: ஆஸ்போர்ன் வட்டத்தைக் கண்ணாடிப் பெட்டியில வச்சுடலாம். அந்த முடி அறுந்து போனா வேற முடியை எப்படி இழுத்துக் கட்டணும்னு எந்தப் பெட்டியிலயும் வைக்க முடியாது. அது இந்தப் பெரியவர் விரல்ல இருக்கு. நேத்து சாயங்காலம் அவர் கட்டிக் காட்டினதை முழுசா வீடியோ எடுத்துட்டேன், அப்புறம் நானும் கட்டிப் பாத்தேன். மூணாவது தடவைதான் நேரா நின்னுச்சு.

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும். இவங்க காப்பாத்துறது வீரக்கதையை மட்டும் இல்ல. 1930-கள்ல இந்தக் கோபுரங்கள்ல இருந்து சுத்திச் சுத்தி 360 டிகிரிக்குப் படம் எடுத்து வச்சாங்க. அதுக்கான கேமராவையும் அதே ஆஸ்போர்ன்தான் வடிவமைச்சார். அந்தப் படத்தோட ஒரு நகலை இங்க ஜன்னல் பக்கத்துல பிடிச்சு நிஜ மலையோட ஒப்பிட்டுப் பாத்தேன். படத்துல நடு நடுவுல வெட்ட வெளி, புல்தரை, தள்ளித் தள்ளி நிக்கிற பெரிய பைன் மரங்க. இப்ப வெளிய பாருங்க, ஒரே பச்சைப் போர்வை, உள்ள நுழைய இடமில்ல. 1935-ல ஒரு விதி போட்டாங்க: எந்தத் தீயா இருந்தாலும் மறுநாள் காலை 10 மணிக்குள்ள அடக்கியே ஆகணும். 1978-லதான் அதைக் கைவிட்டாங்க. இந்தக் காட்டோட பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான வருஷமா சின்னச் சின்னதாத் தீ வச்சு அடிக்காட்டைச் சுத்தம் பண்ணினவங்க, அதையும் தடுத்தாங்க. எரிய வேண்டிய சருகும் குச்சியும் சேந்து சேந்து, இன்னைக்குப் பத்திக்கிட்டா அடங்காத தீயா நிக்குது. நல்லெண்ணத்துல செஞ்ச அந்தத் தப்புக்கு சாட்சி அந்தப் படங்கள்தான். அதைத் தூக்கிப் போடாம வச்சிருக்காங்க பாருங்க, அதுக்காகவே இவங்க மேல எனக்கு மரியாதை கூடுச்சு.

ஒரு நிமிஷம்... அந்தப் பள்ளத்தாக்குல வெள்ளையா ஏதோ எழும்புது. தெரியுதா? இருங்க, வட்டத்தைச் சுத்துறேன். 214 டிகிரி... முடி மேல வந்துடுச்சு. மதியம் ஒரு தூத்தல் போட்டுச்சு. மழைக்கப்புறம் பள்ளத்துல இருந்து இப்படித்தான் பஞ்சு மாதிரி நீராவி எழும்பும், காவலாளிங்க அதைத் தண்ணி நாய்னு சொல்வாங்களாம். புகைன்னா ஒரே இடத்துல வேர் விட்டு நிக்கும், இது நகந்து கரைஞ்சிடும். பெரியவர் பத்து நிமிஷம் கண்ணை எடுக்காம பாருன்னு சொல்றார். வட்டத்தை அதே டிகிரில விட்டுட்டுப் பாத்துக்கிட்டு இருக்கேன். கேமராவை ஆஃப் பண்ணிடுறேன்.