வெளியே எத்தனை டிகிரி?

நேயர்களுக்கு வணக்கம்.

ஹைபிரிட் கார், அதாவது பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார், வைத்திருப்பவர்கள் குளிர்காலம் பிறந்தால் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது 18-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. பேட்டரி போய்விட்டதா?" என்பார்கள். பெரும்பாலும் பேட்டரிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வெளியே வெப்பநிலை இறங்கியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் கேட்டவருக்கு இந்தப் பதில் திருப்தி தராது. "பக்கத்து வீட்டு சாதாரண பெட்ரோல் கார் இவ்வளவு விழவில்லையே?" என்று மடக்குவார். அவர் சொல்வதும் உண்மைதான். சிக்கனமான வண்டிக்குத்தான் குளிர் அதிகம் உறைக்கும். ஏன் என்று பார்ப்போம்.

நான் பேசுவது பிளக்கில் சொருகி சார்ஜ் ஏற்றாத ஹைபிரிட்டைப் பற்றி. அதற்கு எல்லாச் சக்தியும் பெட்ரோலிலிருந்துதான் வந்தாக வேண்டும். அது மிச்சம் பிடிப்பது முக்கியமாக இரண்டு வழியில். தேவையில்லாத நேரத்தில் என்ஜினை அணைத்துவிடும். பிரேக் போடும்போது வீணாகப் போகிற சக்தியை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். குளிர் இந்த இரண்டிலும் கை வைக்கிறது.

என்ஜினை எடுத்துக்கொள்வோம். இரவெல்லாம் குளிரில் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் என்ஜின் உடனே ஓடத் தொடங்கும், அணையாது. புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சுமார் 250, 300 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் புகையைச் சுத்தம் செய்யும். என்ஜின் ஆயில் குளிரில் கெட்டியாகக் கிடக்கும். என்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் என்கிற திரவமும் சூடேற வேண்டும். இதெல்லாம் நடக்கும்வரை நீங்கள் காரில் செல்கிறீர்களோ, நின்றுகொண்டிருக்கிறீர்களோ, பெட்ரோல் செலவாகிக்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம் ஹீட்டர். இதுதான் பெரிய ஆள். பெரும்பாலான ஹைபிரிட் கார்களில் உள்ளே வரும் சூடு, என்ஜின் கூலன்ட்டிலிருந்து வருகிற சூடுதான். குளிர்நாளில் ஒரு சிக்னலில் நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும், கார் அசையாமல் நிற்கும், ஆனாலும் முன்னால் என்ஜின் உறுமிக்கொண்டிருக்கும். கையை நீட்டி ஹீட்டரை அணைத்தால், அதுவரை ஓரளவு சூடாகியிருந்த என்ஜின் சில நொடிகளில் சத்தமில்லாமல் நின்றுபோகும். மறுபடி ஹீட்டரைப் போட்டால் திரும்ப எழும். அந்த நேரத்தில் அது காரை ஓட்டும் என்ஜின் அல்ல, பெட்ரோலில் எரியும் வெந்நீர் அடுப்பு.

சாதாரண காரிலும் ஹீட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அதன் என்ஜின் எப்படியும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஊற்றும் பெட்ரோலில் பெரும்பகுதியை அது சூடாக வெளியே தள்ளுகிறது. அந்த வீணிலிருந்து கொஞ்சம் எடுத்து உங்கள் காலடிக்கு அனுப்புகிறது. ஹீட்டருக்கென்று தனிச் செலவு கிடையாது என்றே சொல்லலாம். ஹைபிரிட் என்ஜினோ வீணாக்குவதைக் குறைப்பதற்கென்றே செய்யப்பட்டது. நான்காம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் என்ஜின், பெட்ரோலின் சக்தியில் 40 சதவீதம் வரை உழைப்பாக மாற்றக்கூடியது. உழைப்பு கூடினால் வீண் சூடு குறையும். கோடையில் அது பெருமை. கடுங்குளிரில் உங்களுக்குக் கொடுக்கச் சூடு போதவில்லை என்பதால், சூட்டுக்காகவே எரிக்க வேண்டிவருகிறது.

வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. இரண்டாம் தலைமுறை பிரியஸில், வட அமெரிக்காவில் விற்ற வண்டிகளுக்கு, சுமார் மூன்று லிட்டர் சூடான கூலன்ட்டைச் சேமித்து வைக்க ஒரு தெர்மாஸ் குடுவையையே பொருத்தினார்கள். வண்டியை நிறுத்தும்போது சூட்டைப் பிடித்துவைத்து, அடுத்த முறை கிளப்பும்போது என்ஜினுக்குத் திருப்பிக் கொடுக்கும். முக்கிய நோக்கம் புகையைக் குறைப்பது. 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் புகைக்குழாய் வழியாகப் போகும் சூட்டையே மறித்து கூலன்ட்டுக்குள் இழுத்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது இந்தப் புகைக்குழாய் வேலைதான். போகிற புகையின் சூட்டைக்கூட விடாமல் பிடிப்பதில்தான் ஹைபிரிட்டின் குணம் தெரிகிறது.

சரி, எவ்வளவு குறையும்? அமெரிக்க எரிசக்தித் துறை தரும் தகவல்படி, நகரத்துக்குள் ஓட்டும்போது, 25 டிகிரியோடு ஒப்பிட்டால், உறைநிலைக்கும் கீழே 7 டிகிரியில் சாதாரண பெட்ரோல் காரின் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறைகிறது. ஹைபிரிட்டில் 30 முதல் 34 சதவீதம் வரை குறையலாம். கேட்டால் இரண்டு மடங்கு நஷ்டம் போலத்தான் தோன்றும்.

சதவீதத்தை நம்பி ஏமாறாதீர்கள். லிட்டருக்கு 25 கொடுக்கும் ஹைபிரிட் 30 சதவீதம் குறைந்தால் 17.5. நூறு கிலோமீட்டருக்கு நான்கு லிட்டர் குடித்த வண்டி இப்போது 5.7 லிட்டர் குடிக்கிறது. லிட்டருக்கு 12 கொடுக்கும் சாதாரண கார் 15 சதவீதம் குறைந்தால் 10.2. நூறு கிலோமீட்டருக்கு 8.3 லிட்டராக இருந்தது 9.8 ஆகிறது. கூடுதலாகப் போனது ஒன்றில் 1.7 லிட்டர், இன்னொன்றில் 1.5. கிட்டத்தட்ட ஒரே அளவுதான்! குறைவாகக் குடிக்கிற வண்டியில் அது பெரிதாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் கார் அதே குளிரில் இன்னும் நான்கு லிட்டர் அதிகம் குடிக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

பேட்டரிக்கும் இதில் பங்கு உண்டு. குளிர்ந்த பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும். உறைகுளிரில் லித்தியம் பேட்டரியில் வேகமாக சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியையே கெடுக்கும். அதனால் பிரேக்கிலிருந்து வரும் மின்சாரத்தை முழுதாக வாங்கிக்கொள்ளாமல் கட்டுப்பாட்டுக் கணினி மட்டுப்படுத்துகிறது. மீதி பிரேக் தட்டில் சூடாகப் போய்விடுகிறது. மற்றபடி குளிர்காற்று அடர்த்தி கூடியது. 30 டிகிரிக்கும் மைனஸ் 10-க்கும் இடையே 15 சதவீதம் வித்தியாசம், நெடுஞ்சாலையில் அந்த அளவுக்குக் காற்றின் எதிர்ப்பு கூடும். டயரில் ஒவ்வொரு 5, 6 டிகிரிக்கும் ஒரு பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்த அளவு) காற்று இறங்கும். இந்த இரண்டும் எல்லா வண்டிக்கும் பொது.

இனி வெயில் பக்கம். சூட்டில் என்ஜின் சீக்கிரம் தயாராகிவிடும், காற்று லேசாகும், எல்லாம் நல்லதுதான், ஏசி போடாதவரை. இன்றைய ஹைபிரிட் பலவற்றில் ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுகிறது. என்ஜின் அணைந்திருந்தாலும் குளிர்காற்று வரும், சௌகரியம்தான். ஆனால் அந்த மின்சாரம் சும்மா வருவதில்லை. ஹைபிரிட் பேட்டரி சிறியது. பல மாடல்களில் ஒரு கிலோவாட்-மணியை, அதாவது ஒரு யூனிட் மின்சாரத்தை, ஒட்டித்தான் இருக்கும், அதிலும் ஒரு பகுதியை மட்டுமே பயன்படுத்த விடும். நெரிசலில் கொஞ்ச நேரம் நின்றால் பேட்டரி இறங்கி, என்ஜின் எழுந்து சார்ஜ் ஏற்றத் தொடங்கும்.

இங்கே ஒரு கணக்கு. ஏசி ஒரு கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அதைக் கொடுக்க சுமார் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் பெட்ரோல் எரிய வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் லிட்டருக்கு 25 கணக்கில் அந்த ஒரு மணியில் கார் ஓட ஆகும் செலவே 0.8 லிட்டர்தான். ஏசி அதில் பாதியை நெருங்குகிறது. அதே ஏசி, மணிக்கு 80-இல் போகும்போது பத்தில் ஒரு பங்குதான். ஏசி கிலோமீட்டர் பார்த்துக் குடிப்பதில்லை, மணி பார்த்துக் குடிக்கிறது. ஹீட்டரும் அப்படியே. "நெடுஞ்சாலையில் நன்றாகக் கொடுக்கிறது, ஊருக்குள்தான் விழுகிறது" என்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

வெயிலில் பேட்டரியையும் பார்க்க வேண்டும். பல மாடல்களில் பின்சீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜன்னல் மாதிரித் துளை இருக்கும். பேட்டரி குளிர்காற்று வாங்கும் வழி அது. அதன்மேல் பையையோ போர்வையையோ போடாதீர்கள். உள்ளே வடிகட்டி இருந்தால், நாய் முடியும் பஞ்சும் தூசியும் சேர்ந்து சாம்பல் நிறப் பாயாகப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். காற்று போகாவிட்டால் பேட்டரி சூடேறும், கணினி அதன் வேலையைக் குறைக்கும், மைலேஜ் விழும், ஆயுளும் குறையும்.

குளிரில் செய்யக்கூடியது சிலதுதான். இருக்கை ஹீட்டர் இருந்தால் அதை முதலில் போடுங்கள். அது எடுப்பது நூறு வாட்டுக்குள், கார் முழுவதையும் சூடாக்குவது கிலோவாட் கணக்கு. வண்டியை நிறுத்திவைத்துச் சூடேற்ற வேண்டாம். கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டு மெதுவாக ஓட்டத் தொடங்கினால் சீக்கிரம் சூடாகும். நான்கு தனித்தனி வேலைகளை ஒரே சுற்றில் முடியுங்கள், என்ஜின் ஒரு முறை சூடானால் போதும். டயர் காற்றை வண்டி ஓட்டுவதற்கு முன்பே பாருங்கள். கோடையில் நிழலில் நிறுத்துங்கள், ஏறியதும் கண்ணாடியை இறக்கி அனல் வெளியேறிய பிறகு ஏசி போடுங்கள்.

வண்டியில் உண்மையிலேயே கோளாறா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். போன வருடம் இதே மாதம், இதே பாதையில் என்ன கொடுத்தது என்று பாருங்கள். அதற்காகவே பெட்ரோல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரோடு வெளி வெப்பநிலையையும் குறித்துவையுங்கள், டாஷ்போர்டிலேயே காட்டும். 20, 25 டிகிரி இருக்கும் இதமான நாளிலும், ஏசியும் ஹீட்டரும் இல்லாமலும் மைலேஜ் விழுந்தால், மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள், அந்தக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு.

நன்றி, வணக்கம்.