இந்த மீன் எந்த ஓடைக்காரன்?

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற இரைச்சல் சில்வண்டு. நிறுத்தச் சொன்னால் கேட்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் வீனஸ் டிரைவ் பக்கம், வின்சர் இயற்கைப் பூங்காவின் பலகைப் பாதையில் நிற்கிறேன்.

கேமராவைக் கீழே இறக்குகிறேன். அந்த அழுகின இலையின் ஓரம் பாருங்கள். பழுப்பு நிறம், விரல் நீளம், அசையாமல் கிடக்கிறது. பெட்டா பக்னாக்ஸ். சண்டை மீனின் பங்காளிதான், ஆனால் கடையில் விற்கும் சிவப்பு நீல மீன் இல்லை. இதில் முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாப்பது அப்பா.

இந்த மீனின் டிஎன்ஏவையும் ஆய்வாளர்கள் படிக்கிறார்கள் என்றதும் என் தங்கை மகன் கேட்டான், “பேர் தெரிஞ்சிருச்சே மாமா, அப்புறம் எதுக்கு டிஎன்ஏ?” நல்ல கேள்வி. பெயர் இனத்தைத்தான் சொல்லும், எந்த ஓடையின் வாரிசு என்று சொல்லாது.

அனுமதி வாங்கிய ஆய்வாளர்கள் வால் துடுப்பின் நுனியில் துளியூண்டு வெட்டி, எத்தனால் டியூபில் போட்டுவிட்டு மீனைத் திரும்ப நீரில் விடுவார்கள். துடுப்பு வளர்ந்துவிடும். அந்தத் துணுக்கில் சிஓஐ என்ற மரபணுவின் சுமார் 650 எழுத்துகளைப் படிப்பார்கள். 2003இல் கனடாவின் பால் ஹீபர்ட் குழு முன்வைத்த பார்கோடு முறை இது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டு மீன் இதில் பிரிந்துபோவதும் உண்டு.

ஒரு சிக்கல். சிஓஐ இருப்பது செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில், அது அம்மா வழியில்தான் வரும். யாரோ வீட்டுத் தொட்டி மீனைக் கொண்டுவந்து ஓடையில் விட, அது இங்குள்ள பெண் மீனோடு சேர்ந்துவிட்டால்? குஞ்சின் பார்கோடு அம்மாவை மட்டும் காட்டும். கலப்பைப் பிடிக்க செல்லின் உட்கருவில் உள்ள, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வரும் டிஎன்ஏவையும் பார்க்க வேண்டும். பாவம் என்று மீனை ஓடையில் விடுகிறவர்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

சுமார் 20,000 ஆண்டுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் போலத் தாழ்ந்திருந்தது. சிங்கப்பூர், ஜோகூர், சுமத்ரா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். அதனால் நம் ஓடை மீனுக்கு அங்கெல்லாம் சொந்தக்காரர்கள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. இப்போது கடல் மட்டுமா பிரிக்கிறது? அணை, கான்கிரீட் கால்வாய், சாலை. 1986இல் பிகேஇ என்ற புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாக்கியது. 2013இல் அதன் மேல் விலங்குகளுக்குப் பாலம் போட்டார்கள், நல்ல காரியம். மீன் பாலம் ஏறுமா? ஓர் ஓடைக்குள் அடைபட்ட சிறு கூட்டம் தனக்குள்ளேயே இணைசேர்ந்து, தலைமுறைக்குத் தலைமுறை மரபணு வகைகளை இழக்கும். எண்ணிக்கை குறையும் முன்பே டிஎன்ஏவில் அது தெரிந்துவிடக்கூடும். எனக்கு இந்த வேலை முக்கியமாகப் படுவது அதனால்தான்.

மீனைத் தொடாமலும் பார்க்கலாம். சளி, செதில், கழிவு என்று மீன் உதிர்ப்பதெல்லாம் தண்ணீரில் இருக்கும். வடிகட்டித் தாளில் தண்ணீரை இறக்கி டிஎன்ஏவைப் பிரித்தால் யார் யார் வாழ்கிறார்கள் என்று பட்டியல் வரும். தெரிந்த ஒருவர் கால்வாய்த் தண்ணீரை இப்படிச் சோதித்தபோது முதல் பட்டியலில் சால்மன் வந்தது! யார் வீட்டுச் சமையலோ. எத்தனை மீன் என்ற கணக்கும் இதில் சரியாக வராது.

அட, இருங்கள். நம்ம ஆள் திரும்பிவிட்டான். தாடை உப்பியிருக்கிறது, தெரிகிறதா? உள்ளே முட்டை போல. பயந்தால் துப்பிவிடலாம், விழுங்கியும் விடலாம். கேமராவை எடுத்துவிடுகிறேன்.