வளைவும் வழியும்

நேயர்களுக்கு வணக்கம்.

உதயதேவியில் கொழும்புக்குப் போனவர்களுக்கு இது தெரியும். ஒரு ஸ்டேசனில் எதிர்க் கோச்சிக்கு வழிவிட்டு நிற்போம். யன்னலுக்கு வெளியே பெட்டிகள் நகரும். புறப்பட்டுவிட்டோம் என்று நினைப்போம். கடைசிப் பெட்டி போனதும் பார்த்தால் பிளாட்போம் அப்படியே இருக்கும். ஓடியது அந்தக் கோச்சி.

ஒரே சீராக ஓடும் இருவரில் யார் உண்மையில் ஓடுகிறார் என்று கேட்டால் விடையே கிடையாது. 1632இல் கலிலியோ கப்பலின் கீழ்த்தட்டை உதாரணம் காட்டி இதைச் சொன்னார். 1905இல் ஐன்ஸ்டைன் ஒளியையும் இதற்குள் கொண்டுவந்தார். யார் அளந்தாலும் வெற்றிடத்தில் ஒளி செக்கனுக்கு 299,792,458 மீற்றர்தான். அதனால் நேரம் வளைந்து கொடுக்க வேண்டி வந்தது: விரைந்து செல்பவரின் கடிகாரம் எனக்கு மெதுவாக ஓடுகிறது, அவருக்கு என்னுடையது மெதுவாக ஓடுகிறது.

பல வருடங்களுக்கு முன் உயர்தர பௌதிகவியல் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள். "சேர், இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி விண்கலத்தில் போய்த் திரும்பினால் யாருக்கு வயது குறைவு? மற்றவள்தான் ஓடினாள் என்று ரெண்டு பேரும் சொல்லலாமே?"

"போனவள் திரும்பும்போது ஆர்முடுகல், அதாவது வேகமோ திசையோ மாறுவது, வந்தது. அதுதான் அவளுடைய கடிகாரத்தை மெதுவாக்கியது" என்றேன். அதில் பாதி பிழை. அதைத் திருத்தத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஆர்முடுகலை உணரலாம் என்பது சரி. கோச்சி பிறேக் பிடித்தால், யன்னலை மூடியிருந்தாலும் கையிலுள்ள பிளேன்ரீ தளும்பும். ஆகவே திரும்பியவள் யார் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் கடிகாரத்தை மெதுவாக்குவது ஆர்முடுகல் அல்ல. 1970களில் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் மியூவோன் என்ற துகள்களை 14 மீற்றர் விட்டமுள்ள வளையத்தில், ஒளி வேகத்தின் 99.94 சதவீதத்தில் சுற்றவிட்டார்கள். ஓய்வில் சராசரியாக 2.2 மைக்ரோசெக்கன் வாழும் துகள் அங்கே சுமார் 64 மைக்ரோசெக்கன் வாழ்ந்தது. அது பட்ட ஆர்முடுகல், புவியீர்ப்பு தருவதைப்போல் கோடி கோடி மடங்குக்கும் மேல். இருந்தும் வேகத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கே சரிவந்தது.

அப்படியானால் விண்கலத்தில் போனவளுக்குக் குறைந்த வருடங்கள் எங்கே போயின? மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிகுடிக்கு இரண்டு மோட்டார்சைக்கிள்கள் புறப்படுகின்றன. ஒன்று கல்லடிப் பாலம் தாண்டி, ஆரையம்பதி வழியே எழுவான்கரையால் நேரே போகிறது. மற்றது வலையிறவுப் பாலத்தால் படுவான்கரைக்குப் போய், கொக்கட்டிச்சோலை சுற்றி, பட்டிருப்புப் பாலத்தால் வருகிறது. இரண்டாவதன் மீற்றரில் தூரம் கூட. எந்தத் திருப்பத்தில் கூடியது என்று காட்ட முடியுமா? திருப்பம் இல்லாமல் அந்த வழி இல்லை. தூரம் சேர்ந்ததோ வழி நெடுகிலும்.

கடிகாரமும் அவரவர் வழியின் மீற்றர்தான். ஒரு வித்தியாசம், நேர்வழி போனவருடைய கடிகாரமே கூடுதலாகக் காட்டும். இங்கே திரும்பாமல் ஊரில் இருந்தவளுடையதுதான் நேர்வழி. ஒளி வேகத்தின் 80 சதவீதத்தில் போய்த் திரும்பினால், ஊரில் இருந்தவளுக்கு 10 வருடம், போனவளுக்கு 6. அதே திருப்பத்தோடு பயணத்தை 20 வருடமாக்கினால் 4 வருட வித்தியாசம் 8 ஆகிறது. திருப்பம்தான் காரணம் என்றால் அது ஏன் இரட்டிக்க வேண்டும்?

மகள், நீ இப்போது எங்காவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அன்று கொப்பியில் எழுதியதை வெட்டிவிட்டு இதை எழுதிக்கொள்.