சொந்த மைதானமே! வியாசர்பாடி பட்டிமன்றத்தில் ஒரு வாடகைக்காரன் பேசியது

நடுவர் ஐயாவுக்கும், மேடையில் இருப்பவர்களுக்கும், இந்தப் புழுக்கத்திலும் பிளாஸ்டிக் சேரை விட்டு எழுந்திருக்காத வியாசர்பாடி மக்களுக்கும் வணக்கம். ஃபைனல் முடிந்து, கோப்பை கொடுத்து, பிரியாணியும் போட்டாயிற்று. இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் ஒன்று தமிழ்ப்பற்று, இல்லையென்றால் எழுந்து நடக்க முடியாத அளவுக்குச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். கால்பந்து அணிக்கு உயிர் எது, சொந்த மைதானமா, ஜெயிக்கிற ஆட்டமா? நான் மைதானத்துப் பக்கம். எங்கள் அணித் தலைவர் லண்டன் சார்ல்டன் அத்லெட்டிக் கிளப்பின் கதையை ஆரம்பித்து வைத்தார், மணி அடித்ததால் பாதியில் உட்கார்ந்தார். மீதியை நான் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் எதிரணி அம்மா எழுந்து ஒரு குண்டு போட்டுவிட்டார். "சொந்த மைதானம், சொந்த மைதானம் என்று அடுத்து வந்து கத்தப்போகிறாரே, அவரே 11 மாச அக்ரிமெண்ட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர், அவருக்கு என்ன தெரியும்?" எல்லோரும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரியும் தட்டினாள். அதை நான் வீட்டில் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

அம்மா, ஆமாம், நான் வாடகைக்காரன்தான். பத்து மாச அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, சுவரில் ஒரு ஆணி அடிக்க அனுமதி கேட்டு நிற்கிறவன். முருகன் காலண்டரை மாட்ட இடமில்லாமல் ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன், கதவைத் திறக்கிற வேகத்தில் வாரம் ஒரு முறை முருகன் குப்புற விழுகிறார். ஊரிலிருந்து மாமியார் வந்தால் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது என்று வீட்டுக்காரம்மா கணக்கு எடுக்கிறார். மொட்டை மாடி சாவி அவரிடம், எனவே வடாம் காய்வது அவர் மனசைப் பொறுத்தது. சொந்த இடம் என்றால் என்ன என்று சொந்த வீட்டில் இருக்கிறவருக்கா தெரியும்? அவருக்கு அது காற்று மாதிரி, இருக்கிறதே தெரியாது. எனக்குத்தானம்மா தெரியும்!

(கைதட்டுங்கள், இப்போது தட்டினால் நியாயம். மூன்றாவது வரிசையையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.)

சரி, சார்ல்டனுக்கும் இதேதான் நடந்தது. 1905-ல் தென்கிழக்கு லண்டனில் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப். 1919-ல் 'தி வேலி', தமிழில் பள்ளத்தாக்கு, என்ற மைதானத்துக்கு வந்தார்கள். மைதானம் என்றால் நேரு ஸ்டேடியம் மாதிரி நினைக்காதீர்கள். மணலும் சுண்ணாம்பும் தோண்டி எடுத்துவிட்டுப் போட்ட பெரிய பள்ளம் அது. அந்தப் பள்ளத்தில் 1938-ல் ஆஸ்டன் வில்லாவோடு ஒரு கோப்பை ஆட்டம், அன்றைக்கு உள்ளே இருந்த கூட்டம் 75,031. எழுபத்தைந்தாயிரம் பேர்! நம் சேப்பாக்கத்தை இரண்டு தடவை நிரப்பினாலும் அவ்வளவுதான் வரும்.

அப்புறம் 1985. அந்த வருஷம் மே மாசம் பிராட்ஃபோர்டில் ஸ்டேண்ட் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். நாடு முழுக்க மைதானங்களைச் சோதித்தார்கள், தி வேலியில் கிழக்குப் பக்கத்துப் பெரிய படிக்கட்டு முழுவதையும் மூடச் சொல்லிவிட்டார்கள். மேற்குப் பக்கத்தில் இன்னொரு தலைவலி. கிளப் ஒருவர் கையில், நிலம் பழைய முதலாளி கையில். கிளப் திவாலின் விளிம்புக்குப் போய்த் திரும்பியபோது வந்த பிரிவினை அது. அவர் ஸ்டேண்டுக்குப் பின்னால் இருக்கிற நிலம் எனக்கு வேண்டும் என்கிறார். அம்மா சிரிக்கிறார், "அப்போ பட்டா அவர்கள் பெயரில் இல்லையே, எப்படி சொந்த மைதானம்?" என்று கேட்கப்போகிறார். கேளுங்கள், அதற்கும் வருகிறேன். ஞாபகம் இருந்தால்.

அந்த செப்டம்பர் 7-ஆம் தேதி ஆட்டம் பார்க்க டிக்கெட் எடுத்து உள்ளே போகிறவன் கையில் ஒரு நோட்டீஸ் கொடுக்கிறார்கள். என்ன நோட்டீஸ்? ஆடித் தள்ளுபடியா? இல்லை. 'இந்த மைதானத்தை விட்டுப் போகிறோம், இனி கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஆடுவோம்.' பேச்சுவார்த்தை கிடையாது, கருத்துக்கேட்பு கிடையாது, துண்டுச் சீட்டு. இதில் கொடுமை என்ன தெரியுமா? அன்றைக்கு எதிரே ஆட வந்திருந்த அணி யார்? கிரிஸ்டல் பேலஸ்! புது வீட்டுக்காரரே வந்து எதிரில் நிற்கிறார், நீ அவரோடு மல்லுக்கட்டி ஆடவேண்டும்! இரண்டு வாரம் கழித்து ஸ்டோக் சிட்டியோடு கடைசி ஆட்டம், அதோடு கதவைச் சாத்தினார்கள்.

செல்ஹர்ஸ்ட் பார்க் இருக்கிறதே, அது லண்டனின் திருவல்லிக்கேணி மேன்ஷன். 1991-ல் சார்ல்டன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெஸ்ட் ஹாம் மைதானத்துக்குப் போகிறது, அந்தக் கட்டில் சூடு ஆறுவதற்குள் விம்பிள்டன் பெட்டியோடு உள்ளே வருகிறது. விம்பிள்டன்காரர்கள் அங்கே 2003 வரை இருந்தார்கள்.

இங்கேதான் அம்மா சரியாக ஒரு பாயிண்ட்டைப் பிடித்தார். வாடகை மைதானத்துக்குப் போன முதல் சீசனிலேயே, 1986-ல், சார்ல்டன் முதல் டிவிஷனுக்கு, அதாவது அன்றைய உச்ச லீகுக்கு, ஏறியது, வாடகையில் இருந்துகொண்டே நாலு சீசன் அங்கே நின்றது. அதோடு நிறுத்தாமல் நம் மஞ்சள் சட்டையையும் இழுத்தார். 2018-ல் காவிரிப் போராட்டத்தில் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டத்தோடு புனேவுக்குப் போன சிஎஸ்கே அந்த வருஷம்தானே கோப்பையைத் தூக்கியது, அப்புறம் எதற்கு மைதானம்?

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறதா? புள்ளிவிவரமாகக் கேட்டால் இல்லை. ஆனால் அம்மா, புனேவில் ஜெயித்துக்கொண்டுதானே இருந்தார்கள், அப்புறம் எதற்கு சென்ட்ரலிலிருந்து புனேவுக்கு ஒரு ரயிலே விட்டார்கள்? ஆயிரம் பேர், மஞ்சள் சட்டை, விசில், ராத்திரி முழுக்கத் தூங்காமல்! டிவியில் பார்த்தால் போதாதா? அணி வெளியூரில் தனியாக இருக்கிறதே என்று இவனுக்குப் பதறுகிறது. ஜெயிக்கிறவனுக்காகப் பதறுவார்களா யாராவது? சேப்பாக்கத்துக்காரன் பதறுவான்.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்லை. கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டமே 1956-லிருந்து 1965 வரை சேப்பாக்கத்தை விட்டுவிட்டு, நம் கால்பந்துக்காரர்களின் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் குடியிருந்தது, அதாவது இன்றைய நேரு ஸ்டேடியம் இருக்கிற அதே இடம். மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் அடித்தது அங்கேதான். அவ்வளவு ரன் அடித்த ராசியான இடம், இங்கேயே இருந்துவிடுவோம் என்று இருந்தார்களா? 1967-ல் மூட்டை கட்டிக்கொண்டு சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டார்கள். நடுவர் ஐயா குறிப்பெடுக்கிறார். எழுதுங்க ஐயா, நானூற்றுப் பதிமூன்று.

இப்போது கதைக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவு நேரம் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். காலியாகக் கிடந்த தி வேலியில் செடி, கொடி, முட்புதர் எல்லாம் மண்டிப் போய்விட்டது. 1989-ல் ரசிகர்கள் மண்வெட்டியும் அரிவாளுமாக அவர்களே வந்தார்கள். வெட்டினார்கள், குவித்தார்கள், மைதானத்து நடுவிலேயே போட்டுக் கொளுத்தினார்கள். சம்பளம் கிடையாது, பிரியாணி கிடையாது. சரி, சுத்தம் பண்ணியாயிற்று, ஸ்டேண்ட் கட்டிக்கொண்டு திரும்பி வருகிறோம் என்று கிரீனிச் கவுன்சிலில், நம் கார்ப்பரேஷன் மாதிரி, திட்ட அனுமதி கேட்டார்கள். 1990 ஜனவரியில் கவுன்சில் முடியாது என்றது.

நம் ஆளாக இருந்தால் என்ன செய்வோம்? மனு கொடுப்போம். மறியல் செய்வோம். கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்போம், அவர் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். லண்டன்காரன் என்ன செய்தான் தெரியுமா? கட்சி ஆரம்பித்தான்!

சிரிக்காதீர்கள், கட்சி ஆரம்பிப்பது நம் ஊர்ச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'வேலி கட்சி' என்றே பெயர். மே மாசம் கவுன்சில் தேர்தல், அறுபது வேட்பாளர்களை நிறுத்தினார்கள். ஊர் முழுக்கப் பெரிய பெரிய விளம்பரப் பலகை. ஒரே கொள்கை, எங்கள் மைதானத்தைக் கொடு. வீடு வீடாக ஓட்டுக் கேட்டுப் போயிருப்பான் இல்லையா, நான் கற்பனை பண்ணிப் பார்க்கிறேன். ஒரு பாட்டி கதவைத் திறக்கிறார். "தம்பி, ரோடு போடுவியா?" "மைதானம் வேணும் பாட்டி." "குப்பை அள்ளுவியா?" "மைதானத்துல அள்ளிட்டோம் பாட்டி." "பென்ஷன்?" "மைதானம் வந்துட்டா சனிக்கிழமை தாத்தா வீட்டுல இருக்க மாட்டார் பாட்டி." பாட்டி உடனே, "எங்கேப்பா குத்தணும்?"

பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை போல, மறுபடி சொல்கிறேன், "எங்கேப்பா குத்தணும்?"

எத்தனை ஓட்டு விழுந்தது? 14,838! போட்ட ஓட்டில் கிட்டத்தட்ட நூற்றுக்குப் பதினொன்று. நம் ஊரில் கூட்டணி பேசுகிற கட்சிகளுக்குக்கூட இது கனவு. ஒரு சீட்டும் ஜெயிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், அம்மா எப்படியும் சொல்லத்தான் போகிறார். ஆனால் திட்டக் குழுவின் தலைவராக இருந்தவர் அந்தத் தேர்தலில் பதவியை இழந்தார். அடுத்த வருஷம் அதே கவுன்சில் அனுமதி கொடுத்துவிட்டது. பட்டா யார் பெயரில் இருந்தால் என்னம்மா? பதினாலாயிரத்துச் சொச்சம் பேர் கையெழுத்துப் போட்ட பட்டா அது. (ஞாபகம் வைத்து வந்துவிட்டேன் பார்த்தீர்களா.)

இன்னொரு மணி அடிக்கிறார்கள். முடித்துவிடுகிறேன் ஐயா, இரண்டே நிமிடம், பட்டிமன்ற நிமிடம்.

1992 டிசம்பர் 5. ஏழு வருஷம் கழித்து தி வேலி கதவு திறக்கிறது. எதிரே போர்ட்ஸ்மத். வந்தவர்கள் 8,337 பேர். எழுபத்தைந்தாயிரம் வந்த இடத்தில் வெறும் எட்டாயிரம்தானா என்று கேட்பீர்கள். ஸ்டேண்ட் முழுசாகக் கட்டி முடிக்கவில்லை, உட்கார இருந்த இடம் அவ்வளவுதான். ஏழு வருஷம் கழித்து வந்தவர்களுக்கு ஏழாவது நிமிடத்தில் காலின் வால்ஷ் ஒரு கோல் போட்டார். அந்த ஒரே கோலில் ஆட்டம் முடிந்தது.

அந்த எட்டாயிரம் பேரை விடுங்கள். வராதவர்களைப் பற்றி யோசித்தீர்களா? 1985-ல் நோட்டீஸை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போன கிழவர்களில் எத்தனை பேர் 1992-ல் இல்லை? என் அப்பா பெரம்பூர் கோச் ஃபாக்டரிக்காரர். பெரியமேட்டில் இருந்த பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் லீக் ஆட்டம் பார்க்க என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப் போனவர். 1993-ல் அதை இடித்துப் புதுசாகக் கட்டினபோது உள்ளே போய், தான் வழக்கமாக உட்காருகிற கேலரி இப்போது எந்தப் பக்கம் வரும் என்று சுற்றிச் சுற்றித் தேடினார். கடைசிக் காலத்தில் அவருக்கு நம் ஊர்க் கால்பந்து அணி 'சென்னையின் எஃப்சி' தான் எல்லாம். கொரோனா வந்து, 2020-லிருந்து இரண்டு சீசன் முழுக்க கோவாவில், ஆளில்லாத ஸ்டேடியத்தில் ஆடினார்களே, அப்போது டிவியில் சென்னையின் ஹோம் மேட்ச் என்பார்கள். அப்பா கட்டிலில் படுத்தபடி கேட்பார், "கோவாவில் யார் வீட்டுல ஆடுறானுங்க?" ஸ்கோர் கேட்க மாட்டார். "எப்போடா பெரியமேட்டுக்கு வருவானுங்க?" அதுதான் கேள்வி. ஒரு நாள் ஜெயித்தார்கள், சொன்னேன், "சரி, எப்போ வருவானுங்க?" என்றார்.

2022-ல் வந்தார்கள். அப்பா இல்லை.

எந்த ஆட்டத்தில் எத்தனை கோல் என்று அம்மா ஒரு நோட்டு நிறைய எழுதி வந்திருக்கிறார், எல்லாம் சரியாகத்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. எனக்கு அந்த வருஷம் அணி எந்த இடத்தில் முடிந்தது என்று ஞாபகமில்லை. சைடன்ஹாம்ஸ் ரோட்டில் நடந்து போய் இரண்டு டிக்கெட் வாங்கினது ஞாபகம் இருக்கிறது. ஒன்று எனக்கு. பக்கத்து சேரில் ஒருத்தர் உட்கார வந்தார், "ஆள் வருது சார்" என்று சொல்லிவிட்டேன். ஆட்டம் முடிகிறவரை அந்த மனுஷன் படியில் உட்கார்ந்து பார்த்தார், பாவம்.

நடுவர் ஐயா, அவ்வளவுதான். எதிரணி அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறார், கூட்டம் முழுக்கப் பார்த்துவிட்டது. மைக்கைக் கொடுத்தவுடன் தூசி விழுந்துவிட்டது என்பார். நம்பாதீர்கள், வணக்கம்.